தீவிர மனநோய் உள்ளவர்களின் உடல் இயக்கத்தை அளப்பது எப்படி? கேள்வித்தாள் முதல் இடுப்புக் கருவி வரை

“எக்சர்சைஸ் பண்றீங்களா?”

மனநல வெளிநோயாளர் பிரிவில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்தான் வரும். டாக்டர் திட்டக்கூடாதே என்று “ஆமா சார்” என்பார்கள். இல்லாவிட்டால் “இல்ல சார்” என்பார்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மறுவாழ்வு மையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதைத்தான் கேட்டேன். கேஸ் ஷீட்டில் ‘உடற்பயிற்சி: இல்லை’ என்று வரிசையாக எழுதி வைத்தேன். ஒரு வருடம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே வரி. யார் மாறினார், யார் மாறவில்லை என்று அதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

உடற்பயிற்சியைப் பற்றிக் கேட்டால் கதவு மூடிக்கொள்கிறது. ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டால் திறக்கிறது. கீழே இருப்பதெல்லாம் அந்த ஒரு நாளை எப்படிக் கேட்பது, எப்படிக் கூட்டுவது, கருவி கட்டினால் எங்கே ஏமாறுவோம் என்பதுதான். மனநல சமூகப் பணியாளர்கள், செவிலியர்கள், பிசியோதெரபிஸ்ட்கள், ஆய்வு செய்யும் மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். தீவிர மனநோய் என்று இங்கே சொல்வது மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), இருமுனைக் கோளாறு (பைபோலார்), கடுமையான மனச்சோர்வு ஆகியவற்றை.

அளப்பதற்கான காரணம் தெரிந்ததுதான். இவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பெரும்பங்கு இதய நோய், சர்க்கரை போன்ற உடல் நோய்களால். ஓலன்சபின், க்ளோசபின் மாதிரி மாத்திரைகள் எடையையும் ஏற்றிவிடுகின்றன.

2017-இல் ‘வேர்ல்ட் சைக்கியாட்ரி’ இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. 69 ஆய்வுகள், 35,000-க்கும் மேற்பட்டவர்கள். விழித்திருக்கும் நேரத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 476 நிமிடம் உட்கார்ந்தோ படுத்தோ கழிகிறது. நடுத்தரமான அல்லது கடுமையான இயக்கம் 38 நிமிடம். இந்த 38-ஐ ஏழால் பெருக்கிப் பாருங்கள், 266 வரும். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வைத்த அளவுக்குள்தான் அது நிற்கிறது! அதை மட்டும் அளந்தால் ‘எல்லாம் சரியாத்தான் இருக்கு’ என்று கோப்பை மூடிவிடலாம். எட்டு மணி நேர உட்காருதலை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

1. எதை அளக்கிறோம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

மூன்று விஷயங்கள் எப்போதும் குழம்பும். எவ்வளவு அசைகிறார் என்பது ஒன்று. எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கிறார் என்பது வேறு. எவ்வளவு முடியும் என்பது மூன்றாவது. ஆறு நிமிட நடைச் சோதனை மூன்றாவதைத்தான் சொல்லும். தாழ்வாரத்தில் ஆறு நிமிடத்தில் 500 மீட்டர் நடந்து காட்டும் ஒருவர், வீட்டில் நாள் முழுக்கக் கட்டிலைவிட்டு இறங்காதவராக இருக்கலாம்.

ஒரே ஆளை மாதக்கணக்கில் பின்தொடரப் போகிறீர்களா, ஒரு குழுவை இன்னொரு குழுவோடு ஒப்பிடப் போகிறீர்களா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். முதலாவதற்கு ஒரு நோட்டும் கடிகாரமும் ஒழுங்கான கேள்வியும் போதும். இரண்டாவதற்குத்தான் கருவி தேவைப்படும்.

2. வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்

நோய் உச்சத்தில் இருக்கும்போது அளந்தால் நோயைத்தான் அளப்பீர்கள். மருந்து மாற்றிய வாரம், நீண்ட நாள் வேலை செய்யும் ஊசி போட்ட அடுத்த இரண்டு நாள், வார்டிலிருந்து வீட்டுக்குப் போன முதல் வாரம், இவற்றைத் தள்ளி வையுங்கள். பொங்கல் வாரமும் வேண்டாம், கத்திரி வெயிலும் வேண்டாம். வேறு வழியில்லை என்றால் தேதிக்குப் பக்கத்தில் காரணத்தை எழுதி வையுங்கள். மே மாதத்தில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை அளந்துவிட்டு ‘நம்ம திட்டத்தால நடை கூடியிருக்கு’ என்று அறிக்கை எழுதியவர்களை எனக்குத் தெரியும். கூட்டியது மார்கழி.

3. ஒரு நாளைக் கேளுங்கள்

இதற்கென்றே செய்த கேள்வித்தாள் சிம்பேக் (SIMPAQ). ஆஸ்திரேலியாவின் சைமன் ரோசன்பாம், பிலிப் வார்ட் ஆகியோர் முன்னின்று உருவாக்கியது. மனநோய் உள்ளவர்களிடம் 23 நாடுகளில் சோதித்த முடிவுகள் 2020-இல் வெளிவந்தன. கடந்த ஏழு நாளைப் பற்றி நேரில் பேசிக் கேட்டு நிரப்பும் ஐந்து கட்டங்கள்: படுக்கையில் இருந்த நேரம், உட்கார்ந்தும், பகலில் படுத்தும் கழிந்த நேரம், நடை, உடற்பயிற்சியும் விளையாட்டும், மற்ற வேலைகள். ஐந்தையும் கூட்டினால் ஏறத்தாழ 24 மணி நேரம் வரவேண்டும்.

அந்த 24-தான் இதன் உயிர். மற்ற கேள்வித்தாள்களில் ஒருவர் சொல்வதை நம்பி எழுதிக்கொள்வோம். இதில் கணக்கு உதைத்தால் திரும்பக் கேட்டே ஆகவேண்டும்.

ஒரு உரையாடலைக் காட்டுகிறேன். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு அண்ணன், பல வருடமாக மனச்சிதைவுக்கு மருந்து எடுப்பவர். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

“ராத்திரி எத்தனை மணிக்குண்ணே படுப்பீங்க?”

“மாத்திரை போட்டதும் ஒம்பது மணிக்கு.”

“காலையில?”

“ஏழு.”

“ஏழுக்கு முழிப்பீங்களா, எந்திரிப்பீங்களா?”

சிரித்தார். “முழிப்பேன். எந்திரிக்க ஒம்பது ஆயிடும்.”

பத்து மணி நேரம் என்று எழுத இருந்தது பன்னிரண்டு ஆனது. ‘முழிப்பீங்களா, எந்திரிப்பீங்களா’ என்ற கேள்வியை ஒருபோதும் விடாதீர்கள். மருந்தின் மயக்கம் விழிப்புக்கும் எழுந்திருப்பதற்கும் நடுவில்தான் படுத்திருக்கிறது.

பிறகு பகல். காலைச் சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் மூன்று மணி நேரம். மதியம் படுக்கை இரண்டரை மணி. மாலை டிவி இரண்டரை மணி. எட்டு. மூன்று வேளைச் சாப்பாடும் உட்கார்ந்துதான், ஒரு மணி நேரம். ஒன்பது. டீக்கடைக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை, போக பத்து நிமிடம், வர பத்து நிமிடம்: மொத்தம் 40 நிமிடம். உடற்பயிற்சி இல்லை. குளியல், துணி அலசுவது, தண்ணீர் பிடிப்பது எல்லாம் சேர்த்து 50 நிமிடம்.

கூட்டினேன். 22 மணி 30 நிமிடம்.

“ஒன்றரை மணி நேரம் எங்கண்ணே போச்சு?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. கூட வந்திருந்த அம்மாதான் சொன்னார்: “கொல்லையில நடந்துக்கிட்டே இருப்பான் தம்பி. உக்காருன்னா உக்கார மாட்டான்.”

“கால் நிக்க மாட்டேங்குது” என்றார் அவர்.

அது நடைப்பயிற்சி கிடையாது. அகதீசியா என்கிற மருந்தின் பக்கவிளைவு, உள்ளுக்குள் ஒரு தவிப்பு, காலை ஓரிடத்தில் வைக்க விடாது. அன்றே டாக்டரிடம் சொன்னோம். கணக்கு 24-க்கு வராததால் மட்டுமே வெளியே வந்த விஷயம் அது.

கேட்கும்போது சில பழக்கங்கள் உதவும். மணியைக் கேட்காதீர்கள், நிகழ்ச்சியைக் கேளுங்கள்: எந்த சீரியல் ஓடும்போது படுத்தார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் திரும்பும்போது எங்கே இருந்தார். நேற்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள். ‘சராசரியா எவ்வளவு’ என்ற கேள்வி இவர்களுக்கு மட்டுமா, நமக்கே கடினம். ஞாபகமும் கவனமும் நோயாலேயே குறைந்திருக்கும், அதனால் பதினைந்து இருபது நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். வீட்டாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் முதல் பதில் அவருடையதாக இருக்கட்டும். அம்மா ஆரம்பித்துவிட்டால் அவர் வாயே திறக்க மாட்டார்.

பெண்களிடம் ‘மற்ற வேலைகள்’ கட்டத்தை அவசரமாகக் கடக்காதீர்கள். “சும்மாதான் இருக்கேன்” என்று சொல்பவர் விடியலில் வாசல் தெளித்து, கோலம் போட்டு, நாலு குடம் தண்ணீர் தூக்கி, பாத்திரம் கழுவியிருப்பார். அவர் கணக்கில் அது வேலையே இல்லை. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களிடம், வேலைத்தளத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தைத் தனியாகக் கேளுங்கள்.

4. ஐபேக் ஏன் இங்கே தடுமாறுகிறது

உலகம் முழுக்க அதிகம் பயன்படும் உடல் இயக்கக் கேள்வித்தாள் ஐபேக் (IPAQ). குறும்படிவத்தில் ஏழே கேள்விகள். 12 நாடுகளில் சோதித்து 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆய்வுகளில் இதைக் கேட்கச் சொல்லி வழிகாட்டி ஆசிரியர்கள் வற்புறுத்துவதும் உண்டு, ஒப்பிட வசதி என்பதால்.

மேலே பார்த்த அண்ணனுக்கே இதைப் போட்டுப் பார்ப்போம். ஐபேக்கில் ஒரு நிமிட நடைக்கு 3.3 மெட் (சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் ஆற்றலைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் மெட்). பத்து நிமிடமாவது தொடர்ந்து நடந்தால்தான் சேரும். டீக்கடை நடை சரியாகப் பத்து நிமிடம், ஆக 40 × 7 × 3.3 = 924 மெட்-நிமிடம். வாரத்தில் ஐந்து நாளாவது நடந்து, 600-ஐத் தாண்டினால் ‘நடுத்தரம்’. பன்னிரண்டு மணி நேரம் படுக்கையிலும் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தும் இருக்கும் ஒருவரை இந்தப் படிவம் நடுத்தரமாக இயங்குபவர் என்று எழுதிவிடும். உட்காரும் நேரத்துக்கு அதில் ஒரு கேள்வி இருக்கிறது. ஆனால் அது மதிப்பெண்ணில் சேராது. அதே டீக்கடை எட்டு நிமிட தூரத்தில் இருந்திருந்தால் மதிப்பெண் பூஜ்யம்!

‘கடுமையான’, ‘மிதமான’ என்ற சொற்களும் சிக்கல்தான். எடை கூடி, மூச்சு வாங்கி, தசை இறுகிய ஒருவருக்கு மாடிப்படி ஏறுவதே கடுமை. ‘மூச்சு வாங்குச்சா? பேச முடிஞ்சுதா?’ என்று கேட்டால் ஓரளவு சரியாக வரும்.

அதற்காக சிம்பேக் சொல்வதெல்லாம் துல்லியம் என்று நினைக்கவேண்டாம். கருவியோடு ஒப்பிட்டபோது அதன் பொருத்தமும் சுமார்தான். கேட்டு எழுதுவதன் எல்லை அது.

5. எந்த அசைவு என்று குறியுங்கள்

நிமிடங்களின் பக்கத்தில் ஒரு எழுத்துப் போடும் பழக்கம் எனக்கு உண்டு. வி: விரும்பிச் செய்தது. வே: வேலைக்காக. த: தவிப்பால். உ: மனம் உச்சத்தில் இருக்கும்போது.

கடைசி இரண்டும் இந்த நோயாளிகளுக்கே உரியவை. இருமுனைக் கோளாறில் மனஎழுச்சி தொடங்கினால் ஒருவர் ஒரு நாளைக்கு இருபதாயிரம் அடி நடப்பார், தூக்கம் மூன்று மணி நேரமாகிவிடும். அடி எண்ணும் கருவி பாராட்டுச் செய்தி அனுப்பும். நாம் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டிய நேரம் அது. ஆகவே அடி கூடினால் தூக்கத்தைப் பாருங்கள். தூக்கம் குறைந்து அடி கூடியிருந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம்.

6. கருவிகள்

போனில் இருக்கும் அடி எண்ணிக்கை இலவசம், ஆனால் போன் உடம்போடு இருந்தால்தான் எண்ணும். சட்டைப் பையில் வைக்கும் ஆண்களுக்குப் பரவாயில்லை. சேலை கட்டும் பெண்களின் போன் ஃப்ரிட்ஜ் மேல்தான் இருக்கும். இடுப்பில் மாட்டி அடி எண்ணும் பெடோமீட்டர் மலிவு, ஒரே ஆளைப் பின்தொடரப் போதும். அந்தப் பத்தாயிரம் அடி இலக்கை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள். 1965-இல் ஜப்பானில் விற்ற ஒரு பெடோமீட்டரின் பெயரிலிருந்து வந்தது அது.

மணிக்கட்டுப் பட்டை வாங்கித் தருவதாக இருந்தால் கையைப் பாருங்கள். லித்தியம் மாத்திரை எடுக்கும் சிலருக்கும், மருந்தால் பார்க்கின்சன் மாதிரி நடுக்கம் வந்தவருக்கும் கை உட்கார்ந்த இடத்திலேயே ஆடும். பட்டை அதையும் அசைவென்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. மாவு அரைப்பதையும் கோலத்தையும் மணிக்கட்டு பார்க்கும், இடுப்பு பார்க்காது. குடத்தின் எடையை இரண்டுமே பார்க்காது.

ஆய்வுக்கு என்றால் ஆக்டிகிராஃப் போன்ற ஆக்சிலரோமீட்டர், அதாவது அசைவை நிமிடம் நிமிடமாகப் பதிவு செய்யும் கருவி. வழக்கமான விதிமுறை இது: வலது இடுப்பில் ஏழு நாள், ஒரு நாளில் பத்து மணி நேரமாவது கட்டியிருந்தால் அந்த நாள் செல்லும், அப்படி நான்கு நாளாவது இருந்தால் அந்த ஆள் செல்லுபடி. ஆரோக்கியமானவர்களுக்கு நல்ல விதி. நம்மவர்களிடம் இரண்டு இடத்தில் இடறும்.

பன்னிரண்டு மணி நேரம் படுக்கையில் இருப்பவர் விழித்திருப்பதே பன்னிரண்டு மணி நேரம். குளிக்கக் கழற்றி, மறந்து, மதியம் படுக்கும்போது உறுத்துகிறது என்று மறுபடி கழற்றினால் பத்தைத் தொடாது. நாள் செல்லாது, ஆள் வெளியே. அதிகம் படுத்திருப்பவர்களையே வடிகட்டித் தள்ளிவிட்டு, மிச்சம் இருப்பவர்களின் சராசரியை ‘மனச்சிதைவு நோயாளிகளின் இயக்கம்’ என்று எழுதுவோம். எட்டு மணி நேரம் என்று தளர்த்தியும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். விடுபட்டவர்கள் யார் என்று ஒரு பத்தி எழுதுங்கள்.

இரண்டாவது இடறல் இன்னும் நுட்பமானது. கருவி தொடர்ந்து 60 நிமிடம் பூஜ்யம் காட்டினால் ‘கழற்றி வைத்திருக்கிறார்’ என்று மென்பொருள் முடிவு கட்டும் ஒரு முறை உண்டு. திண்ணையில் அசையாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது இவர்களுக்கு அன்றாடம். நாம் தேடி வந்த நேரத்தையே மென்பொருள் அழித்துவிடும். 90 நிமிடத்தை எல்லையாக வைக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள், கூடவே ஒரு தாளில் கட்டிய நேரம், கழற்றிய நேரம் எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாதவர்களுக்கு தினசரி காலண்டர் தாளில் ஒரு கோடு போதும்: காலையில் மேலே, இரவில் கீழே.

நிமிடத்துக்கு 1952 எண்ணிக்கை (அசைவுக்குக் கருவி தரும் அளவு) வந்தால் நடுத்தர இயக்கம் என்ற எல்லைக்கோடும் அப்படித்தான். 1998-இல் ஃப்ரீட்சன் குழு 50 பேரை ட்ரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் வைத்துக் கண்டது. கூடுதல் எடையோடு கால் தேய்த்து நடப்பவர் 1952-ஐத் தொடாமலே வியர்த்துவிடுவார். எல்லையைத் தாண்டிய நிமிடங்களை மட்டும் சொல்லாமல் மெதுவான நடை, உட்காருதல், மொத்த எண்ணிக்கை மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

7. கருவியைக் கட்டும் முன்

யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று நம்பும் ஒருவரின் இடுப்பில் சிவப்பு விளக்கு மினுக்கும் பெட்டியைக் கட்டப் போகிறீர்கள். நான் ஒருமுறை சரியாக விளக்காமல் கட்டி அனுப்பினேன். மூன்றாம் நாள் அது தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்தது. தப்பு என்னுடையது.

இப்போதெல்லாம் கருவியை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். இதில் கேமரா இல்லை, மைக் இல்லை, நீங்கள் எங்கே போனீர்கள் என்று தெரியாது, ஆடுகிறதா இல்லையா என்று மட்டும் தெரியும். முதலில் நானே ஒரு நாள் கட்டிக்கொண்டு அதன் வரைபடத்தைக் காட்டுவேன். என் மதியத் தூக்கத்தைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். இடம் காட்டும் வசதி உள்ள பட்டையாக இருந்தால் அதை அணைத்துவிட்டுத்தான் தரவேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம், சிம்பேக் இருக்கிறது. 2017 மனநலச் சட்டம் இவர்களுக்கு ரகசியக் காப்பு உரிமையைத் தருகிறது. வீட்டார் கேட்டாலும் அவர் சம்மதம் இல்லாமல் தாளைக் காட்டக்கூடாது.

வார்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி: பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு செவிலியர் சுற்றி வந்து படுத்திருக்கிறார், உட்கார்ந்திருக்கிறார், நிற்கிறார், நடக்கிறார் என்று குறிப்பது. அலுப்பான வேலை, ஆனால் யாருக்கும் எதையும் கட்டவேண்டாம்.

8. திருப்பிக் காட்டுங்கள், திரும்ப அளங்கள்

முதல் அளவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டு வாரம் இடைவெளியில் இரண்டு முறை அளங்கள், நடுவில் எதையும் மாற்றாமல். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஆளின் இயல்பான ஏற்ற இறக்கம். பின்னால் வரும் மாற்றம் அதைவிடக் குறைவாக இருந்தால் மாற்றம் என்று சொல்லாதீர்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முடிந்தவரை அதே ஆள், அதே கேள்விகள், அதே வரிசை. நடுவில் கேள்வித்தாளை மாற்றினால் பழைய எண்கள் வீண்.

எண்ணை அவரிடம் சொல்லும்போது உலக அளவுகோலை எடுக்காதீர்கள். ஒரு நாளை ஒரு நீண்ட பட்டையாக வரைந்து கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டிக் கொடுங்கள். எதை மாற்றலாம் என்று அவரே விரல் வைக்கட்டும்.

அந்த அண்ணன் விரல் வைத்தது காலை ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில். டாக்டர் மருந்தின் அளவைக் குறைத்து, வேறொன்றைச் சேர்த்திருந்தார். மூன்று மாதம் கழித்து மறுபடி கேட்டேன். படுக்கை பதினொரு மணி நேரம். டீக்கடைக்கு இப்போது மூன்று தடவை, 60 நிமிடம். கொல்லை நடை ஏறத்தாழ நின்றுவிட்டது, பத்து நிமிடம். நடை மொத்தத்தைக் கூட்டினால் முன்பு 130 நிமிடம், இப்போது 70. இடுப்பில் ஒரு பெடோமீட்டர் மட்டும் கட்டியிருந்தால் அடி எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாக விழுந்திருக்கும்.

“இப்பல்லாம் உக்காந்து சாப்பிடுறான் தம்பி” என்றார் அம்மா. நோட்டில் 130-க்குப் பக்கத்தில் ‘த 90’ என்றும், 70-க்குப் பக்கத்தில் ‘த 10’ என்றும் எழுதினேன்.